ரிவால்வர் குழலில் ஈயம் ஒட்டுகிறதா? முதலில் குண்டின் அளவைப் பாருங்கள்

தாமே தோட்டா நிரப்பி ஈயக் குண்டு சுடுபவர், ரிவால்வர் குழலில் ஈயம் ஒட்டுகிறது என்று சொன்னால் போதும், பக்கத்தில் நிற்பவர் உடனே ஒரு வைத்தியம் சொல்வார்: குண்டு மெத்தென்று இருக்கிறது, இன்னும் கெட்டியானதாக வாங்கு. பெரும்பாலும் அது தப்பான வைத்தியம். கெட்டிக் குண்டு வாங்கிப் போட்ட பிறகு முன்பைவிட அதிகமாக ஈயம் படிவதும் உண்டு. குண்டின் அளவு சிலிண்டருக்கும் குழலுக்கும் பொருந்துகிறதா என்பதுதான் முதல் கேள்வி, கெட்டித்தன்மையெல்லாம் அப்புறம்.

ஆனால் அதற்கும் முன்னால் பாதுகாப்பு. தோட்டா நிரப்ப உங்கள் ஊர்ச் சட்டமும் உங்கள் உரிமமும் அனுமதிக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் பிரஸ்ஸை (தோட்டாவை அழுத்திச் சேர்க்கும் கருவியை) மேசையில் பொருத்த வேண்டும். பவுடரின் (வெடிமருந்தின்) எடையை அச்சிட்ட லோடிங் கையேட்டிலிருந்தோ, பவுடர் தயாரிப்பவர் வெளியிட்ட அட்டவணையிலிருந்தோ மட்டும் எடுங்கள். இணையத்தில் யாரோ எழுதியதை நம்ப வேண்டாம், அந்த யாரோவில் நானும் சேர்த்தி, அதனால் இங்கே ஒரு எடைகூடத் தரப்போவதில்லை. அட்டவணையில் உள்ள தொடக்க அளவில் ஆரம்பியுங்கள். குண்டை மாற்றினாலோ, அதை இன்னும் ஆழமாக உட்கார வைத்தாலோ மறுபடியும் கீழிருந்துதான் வர வேண்டும், ஏனென்றால் ஆழம் கூடக் கூட கேஸுக்குள் (பவுடரைத் தாங்கும் உலோகக் கூட்டுக்குள்) இடம் குறைந்து அழுத்தம் ஏறும்.

ரிவால்வரில் பெரிய ஆபத்து இரட்டைப் பவுடர். .38 ஸ்பெஷல் என்ற தோட்டா 1898-இல் வந்தது, கரும்பொடி என்ற பழைய வகை வெடிமருந்தை மனதில் வைத்து நீளமாகச் செய்த கேஸ். இன்றைய வேகமான பவுடர் அதில் அடியில் கொஞ்சம்தான் நிற்கும், இரண்டு மடங்கு விழுந்தாலும் மேலே குண்டுக்குத் தாராளமாக இடம் இருக்கும், வெளியிலிருந்து பார்த்து ஒன்றும் தெரியாது. அதனால் கேஸ்களைப் பலகையில் வரிசையாக நிறுத்தி, பவுடர் போட்டு முடித்ததும் டார்ச் அடித்து ஒவ்வொன்றுக்குள்ளும் எட்டிப் பார்த்த பிறகே குண்டை வையுங்கள். கேஸில் பாதிக்கு மேல் நிரம்பும் பவுடரைத் தேர்ந்தெடுத்தால் இன்னும் நல்லது: தவறிப்போய் இரண்டாவது தடவை போட்டால் வழிந்து கொட்டி அதுவே காட்டிக்கொடுத்துவிடும். மேசையில் ஒரே ஒரு பவுடர் டப்பாதான் இருக்க வேண்டும். தராசைச் சோதனை எடைக்கல் வைத்துச் சரிபாருங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பேச்சுத்துணை, டிவி, சிகரெட் மூன்றும் வேண்டாம்.

பவுடரே விழாமல் போவது இதன் மறுபக்கம். பிரைமர் (பவுடரைப் பற்றவைக்கும், கேஸின் அடியில் உள்ள சிறு மூடி) மட்டும் வெடித்தாலும் அது குண்டைக் குழல் வரை தள்ளிவிடும். குண்டு பாதி சிலிண்டரிலும் பாதி குழலிலும் சிக்கிக்கொண்டால் சிலிண்டர் சுற்றாது, அது ஒரு வகையில் அதிர்ஷ்டம். முழுசாகக் குழலுக்குள் போய்விட்டால்தான் வம்பு, சிலிண்டர் ஒழுங்காகச் சுற்றும், அடுத்த குண்டு அடைத்த குழலுக்குள் பாயும். ஆகவே சத்தமோ உதையோ குறைவாக வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். துப்பாக்கி வாயை இலக்குப் பக்கமே அரை நிமிடம் வைத்திருந்து, தோட்டாக்களை எல்லாம் எடுத்துவிட்டு, குழலைப் பாருங்கள். சிக்கிய குண்டைப் பித்தளைக் கம்பியால் தட்டி வெளியே எடுக்க வேண்டும், இன்னொரு தோட்டாவால் அல்ல.

பிரைமர் கேஸின் அடிமட்டத்துக்குச் சற்றே கீழே உட்கார வேண்டும். துருத்திக்கொண்டிருந்தால் துப்பாக்கியின் சட்டத்தில் (ஃபிரேமில்) உரசி சிலிண்டர் இறுகும். ஒவ்வொரு தோட்டாவின் அடியையும் விரலால் தடவிப் பார்த்தாலே தெரிந்துவிடும். ரோல் கிரிம்ப், அதாவது உள்நோக்கி மடக்கிய கேஸ் வாய், குண்டின் கிரிம்ப் பள்ளத்துக்குள் சரியாக விழ வேண்டும், இல்லாவிட்டால் பலமான லோடில் உதை வாங்கி, இன்னும் சுடாத தோட்டாக்களின் குண்டு முன்னே நகர்ந்து சிலிண்டரைப் பூட்டிவிடும்.

இனி ஈயம். ரிவால்வரில் குண்டு குழலுக்குப் போவதற்கு முன் சிலிண்டரின் முன்பக்கத்து ஒடுக்கமான பகுதியை, அதாவது த்ரோட்டை, தாண்டிப் போகிறது. த்ரோட் குழலின் பள்ள விட்டத்தைவிட (குண்டைச் சுழற்றும் சுருள் பள்ளங்களின் அடியில் அளக்கும் விட்டத்தைவிட) சிறிதாக இருந்தால் குண்டு அங்கேயே இளைத்துவிடும். இளைத்த குண்டு குழலை முழுசாக அடைக்காது, சூடான வாயு ஓரமாகப் பீறிட்டு ஈயத்தை அரித்து இரும்பில் அப்பிவிடும். எவ்வளவு கெட்டியான குண்டு வாங்கினாலும் இதற்கு மருந்து கிடையாது.

சோதிப்பது சுலபம். சிலிண்டரைக் காலி செய்து நன்றாகத் துடைத்துவிட்டு, நீங்கள் நிரப்பும் அதே குண்டை ஒவ்வொரு த்ரோட்டிலும் முன்னாலிருந்து தள்ளிப் பாருங்கள். விரலாலோ பென்சிலாலோ அழுத்தினால் இறுக்கமாக நகர்ந்து போவது சரியான பொருத்தம். தானாக விழுந்தால் குண்டு சிறிது. சுத்தியல் கேட்டால் த்ரோட் சிறிது, அதை ரீமர் போட்டு ஒரே அளவாக்குவது துப்பாக்கி மெக்கானிக்கின் வேலை. எல்லா அறையையும் பாருங்கள், ஒரே சிலிண்டரில் ஒன்றுக்கொன்று வித்தியாசம் இருப்பது புதிதல்ல. அப்புறம் எண்ணெய் தடவிய குழலில் மெத்தென்ற ஈய உருண்டையைத் தள்ளி எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்தால் பள்ள விட்டம் கிடைக்கும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் குழலில் ஐந்து பள்ளங்கள், எதிரெதிரே வராது, சாதாரண மைக்ரோமீட்டர் பொய் சொல்லும், வி வடிவத் தாங்கி (வி-பிளாக்) வேண்டும். பொதுவாக .38-க்கும் .357-க்கும் செம்பு உறை போட்ட குண்டு 0.357 அங்குலம் என்றால் ஈயக் குண்டு 0.358, .44 மேக்னத்தில் 0.429-க்கு 0.430. ஆனால் உங்கள் த்ரோட் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

சரியான அளவுக் குண்டையே வாங்கி, அதை நாமே சின்னதாக்கிவிடுவதும் நடக்கிறது, இதைப் பலர் கவனிப்பதே இல்லை. கேஸ் வாயை விரிக்கும் எக்ஸ்பாண்டர் போதிய அளவு விரிக்காவிட்டால் கேஸ் மெத்தென்ற குண்டை நசுக்கிவிடும். கெட்டியான கார்பைடு வளையம் உள்ள கிரிம்ப் டையும் (கிரிம்ப் போடும் அச்சும்), வெளிப்பக்கம் இறுக்கும்போது உள்ளே இருக்கும் ஈயத்தையும் சேர்த்து இறுக்கலாம். பவுடரும் பிரைமரும் இல்லாத வெற்றுத் தோட்டா ஒன்றைச் செய்து, குண்டைக் கழற்றி, அளந்து பாருங்கள். 0.358 உள்ளே போய் 0.356 வெளியே வந்தால் குற்றவாளி உங்கள் மேசையிலேயே இருக்கிறான்.

ஈயம் எங்கே படிகிறது என்பதும் ஒரு தடயம். குழலின் பின்முனையிலும் அதை ஒட்டியும் என்றால் அளவுப் பொருத்தத்தைச் சந்தேகியுங்கள். வாய்ப்பக்கம் என்றால் குண்டில் தடவிய மசகு வழியிலேயே தீர்ந்துபோகிறது, நல்ல மசகு அல்லது பவுடர் கோட்டிங் (குண்டின் மேல் சுட்டு ஒட்டவைக்கும் பெயிண்ட் பொடி, வெடிமருந்து அல்ல) உதவும். குழல் சட்டத்தில் திருகப்படும் இடத்தில் என்றால் அங்கே குழல் இறுகிச் சுருங்கியிருக்கலாம்.

இதெல்லாம் சரியாக இருந்தால்தான் கெட்டித்தன்மையைப் பற்றிப் பேச வேண்டும். கெட்டித்தன்மையை அளக்கும் பிரினெல் அளவில் சுத்த ஈயம் சுமார் 5, பழைய சக்கர எடைக்கட்டி உலோகம் சுமார் 12, லினோடைப் என்ற பழைய அச்சு எழுத்து உலோகம் 22 அளவு. .38 ஸ்பெஷலின் உச்ச அழுத்தம் 17,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு), .357 மேக்னம் 35,000. மென்மையான லோடில் லினோடைப் மாதிரி கல்லுக் குண்டு போட்டால், அழுத்தம் குண்டின் அடியை விரித்துக் குழலை அடைக்கப் போதாது, வாயு தப்பிவிடும். .38-க்கு மெத்தென்ற கலவையே போதும். முழு மேக்னம் வேகத்துக்குக் கெட்டியான கலவையும் குண்டின் அடியில் கேஸ் செக் என்ற சிறு செம்பு மூடியும் பொருந்தும். அடி குழிந்த, முனை தட்டையான வாட்கட்டர் குண்டை மட்டும் வேகமாகச் சுடாதீர்கள், அடியின் மெல்லிய பாவாடைப் பகுதி பிய்ந்து குழலிலேயே தங்கிவிடலாம்.

படிந்துவிட்ட ஈயத்தை எடுக்க, பழைய பிரஷ்ஷைச் சுற்றிச் சுத்தச் செம்பு நாரைக் கட்டித் தேயுங்கள். காந்தத்தில் ஒட்டினால் அது செம்பு பூசிய இரும்பு, வேண்டாம். உறை போட்ட குண்டு நாலு சுட்டால் போய்விடும் என்பார்கள், நான் செய்ய மாட்டேன், ஏற்கெனவே இறுகிய குழலில் அழுத்தத்தை ஏற்றுகிற வேலை அது. வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து ஊற்றும் யோசனையை அடியோடு மறந்துவிடுங்கள்: ஈயம் கரைந்து லெட் அசிடேட் ஆகும், தண்ணீரில் கரையும் விஷம், தோல் வழியாகவும் ஏறும், குழலின் இரும்பையும் அரிக்கும்.

ஈயத் தூசு இல்லாத இடம் இந்தப் பொழுதுபோக்கில் கிடையாது, பழைய கேஸ்களைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தின் தூசில் பிரைமர் கக்கிய ஈயம் நிறைய இருக்கும். கையுறை, ஈரத்துணி, நல்ல காற்றோட்டம். மேசையருகே தின்னவோ குடிக்கவோ வேண்டாம். முடித்ததும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே முகத்தில் கை வையுங்கள், குழந்தைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது.

.357 ரிவால்வரில் .38 ஸ்பெஷல் நிறையச் சுடுபவர்களுக்கு இன்னொரு விஷயம். குட்டைக் கேஸின் வாய்க்கு முன்னால் அறைக்குள் கரியும் ஈயமும் வளையமாகச் சேரும். நீளமான .357 கேஸ் அதில் முட்டி நின்றால் அழுத்தி உள்ளே தள்ளாதீர்கள், வாய் விரிய இடமில்லாமல் குண்டு இறுகிப் பிடிபட்டு அழுத்தம் எகிறலாம். எடுத்துவிட்டு, வெண்கல பிரஷ்ஷால் ஆறு அறையையும் தேய்த்துவிட்டு, பிறகு போடுங்கள்.