மிஸ் பேக்-மேன் இயந்திரம் வாங்குவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ஆர்கேட் இயந்திரங்களை, அதாவது காசு போட்டு ஆடும் பெரிய வீடியோ கேம் பெட்டிகளை, சேகரிக்க ஆரம்பிப்பவர்களில் பலர் முதலில் தேடுவது மிஸ் பேக்-மேனைத்தான். நல்ல தேர்வு. பேய்களிடம் சிக்காமல் சுற்றுப்பாதையில் புள்ளிகளைத் தின்றுகொண்டே ஓடும் பேக்-மேன் விளையாட்டின் அடுத்த வடிவம் இது. நான்கு விதமான சுற்றுப்பாதைகள், நகர்ந்துகொண்டே இருக்கும் பழங்கள், மனப்பாடம் செய்த வழியில் ஓடித் தப்பிக்க விடாத பேய்கள் என, 40 ஆண்டுகள் கடந்தும் இதன் விறுவிறுப்பு குறையவில்லை. ஆனால் வாங்குபவர்கள் இதன் மதிப்பை வயதிலும் புகழிலும் தேடுகிறார்கள். அது பெட்டிக்குள் இருக்கிறது.

முதலில் புகழ். அமெரிக்காவின் மிட்வே நிறுவனம் 1982-இல் இதை வெளியிட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இயந்திரங்கள் விற்றன. எனவே ‘எங்குமே கிடைக்காது’ என்று விற்பவர் சொன்னால், அதற்காகக் கூடுதல் விலை தராதீர்கள். வீட்டில் டிவியோடு இணைத்து ஆடும் கேம் கருவிகளில் செருகும் கார்ட்ரிட்ஜ்களில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். அட்டாரி நிறுவனத்தின் 2600 என்ற கருவிக்கு அதே ஆண்டு வந்த பேக்-மேன் 70 லட்சத்துக்கும் மேல் விற்றது. பேய்கள் மினுக்மினுக்கென்று மறைந்து தெரிந்ததில் வாங்கியவர்கள் ஏமாந்ததும், அட்டாரியின் தேங்கிய சரக்கு 1983-இல் நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ குப்பைக் கிடங்கில் புதைக்கப்பட்டதும் உண்மைதான். அதற்காக யாரோ வீட்டுப் பரணில் கிடந்த கார்ட்ரிட்ஜுக்கு மதிப்பு கூடிவிடாது. 2014-இல் தோண்டி எடுத்து, நகரத்தின் சான்றிதழோடு விற்கப்பட்டவை வேறு கணக்கு. ஒடிசி 2 என்ற இன்னொரு வீட்டுக் கருவிக்கு வந்த, பேக்-மேனைப் போன்ற கே.சி. மன்ச்கின் விளையாட்டின் கதையும் இப்படித்தான். அட்டாரி வழக்குத் தொடுத்து 1982-இல் அதன் விற்பனைக்குத் தடை வாங்கியது. தடை என்றதும் அபூர்வம் என்று நினைத்துவிடுகிறார்கள். தடைக்கு முன்பே அது நிறைய வீடுகளுக்குப் போய்விட்டது.

சரி, இயந்திரத்துக்கு வருவோம். பின்கதவைத் திறந்து பார்க்காமல் காசு கொடுப்பதைத்தான் நான் பெரிய தவறு என்பேன். மாசசூசெட்ஸில் இருந்த ஜெனரல் கம்ப்யூட்டர் கார்ப்பரேஷன், பேக்-மேன் இயந்திரத்தை மாற்றியமைக்கும் இணைப்பாகத்தான் இந்த விளையாட்டை உருவாக்கியது. மிட்வே அதை வாங்கிப் புது விளையாட்டாக்கியது. அதனால் அசல் மிஸ் பேக்-மேனுக்குள்ளும் பேக்-மேனின் மின்சுற்றுப் பலகைதான் (போர்டு) இருக்கும். விளையாட்டை இயக்கும் இசட்80 சிப் இருக்க வேண்டிய சாக்கெட்டிலிருந்து ஒரு ரிப்பன் கேபிள் துணைப் போர்டுக்குப் போகும். அந்தத் துணைப் போர்டு இல்லாமல் விளையாட்டு மட்டும் ஓடினால், அது நகல் சிப் போட்ட போர்டாக இருக்கலாம். ஆன் செய்ததும் அறுபது விளையாட்டுகளின் பட்டியல் வந்தால் யோசிக்கவே வேண்டாம், உள்ளே இருப்பது புதுக்காலப் பலவிளையாட்டுப் போர்டு. அதை வைத்து ஆடுவதில் தப்பில்லை, அசலின் விலையைக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

திரையை அணைத்துவிட்டு ஒருமுறை உற்றுப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் ஒரே படத்தைக் காட்டிய பிக்சர் ட்யூபில் அதன் தடம் பதிந்துவிடும். மிஸ் பேக்-மேன் என்று விற்கப்படும் பெட்டியின் கண்ணாடியில் பழைய பேக்-மேனின் ஒற்றைச் சுற்றுப்பாதை மங்கலாகத் தெரிந்தால், அந்தத் திரை முன்பு பேக்-மேனுக்கு உழைத்தது என்று அர்த்தம். பெட்டியே மாற்றப்பட்டதாக இருக்கலாம், திரை மட்டும் வேறிடத்திலிருந்து வந்திருக்கலாம். இரண்டில் எது என்று கேளுங்கள். பதில் எதுவானாலும் விலை இறங்க வேண்டும்.

போர்டின் விளிம்பில் இருக்கும் இணைப்புப் பின்களையும் பார்த்துவிடுங்கள். இந்த போர்டு ஏசி மின்சாரத்தை அந்த விளிம்பு வழியாகவே வாங்கி, தனக்குள் டிசியாக மாற்றிக்கொள்கிறது. அதனால் பின்கள் சூடாகிக் கருகுவது இந்தக் குடும்பத்தில் பரவலான நோய். பத்து நிமிடம் ஓட்டிக் காட்டியதைப் பார்த்துத் திருப்தி அடைந்தால் இது தெரியவராது.

ஆடிப் பார்க்கும்போது இரண்டைக் கவனியுங்கள். உங்கள் பாத்திரம் பேய்களைவிட மிக வேகமாகப் பறந்தால், யாரோ வேகம் கூட்டும் மாற்றம் செய்திருக்கிறார்கள். பலருக்கு அது பிடிக்கும், ஆனால் அசல் சிப்கள் கூடவே வருகின்றனவா என்று கேட்டு வாங்குங்கள். அப்புறம் ஜாய்ஸ்டிக். இந்த விளையாட்டுக்கு நான்கு திசை ஜாய்ஸ்டிக்தான் சரி. பழுது பார்த்தவர் கையில் கிடைத்த எட்டு திசை ஜாய்ஸ்டிக்கைப் போட்டிருந்தால், மூலையில் திரும்ப வேண்டிய நேரத்தில் பாத்திரம் நின்றுவிடும்.

வாங்கிய பிறகு நடக்கும் தவறுதான் எனக்கு அதிக வருத்தம் தருவது. அசல் பக்கவாட்டு ஓவியம் மரத்தின் மேல் அச்சுத்தகடு வைத்து அடித்த பெயிண்ட். கீறலும் மங்கலும் இருக்கத்தான் செய்யும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பளபளக்கும் வினைல் ஸ்டிக்கரை ஒட்டினால், 1982-ஐச் சேர்ந்த ஒன்றை நாமே அழிக்கிறோம். கீறலோடு இருக்கும் அசலுக்குச் சேகரிப்பாளர்கள் தரும் மரியாதை வேறு. முன்பு யாரோ அடித்த கறுப்பு பெயிண்டுக்கு அடியிலும் அசல் ஓவியம் இருக்கலாம். கொஞ்சம் கொஞ்சமாக, பொறுமையாக எடுத்துப் பாருங்கள். பின்பக்கத்து வரிசை எண் மேல் பெயிண்ட் படவே கூடாது.

மின்சாரத்தில் சோதனை வேண்டாம். அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டி 120 வோல்ட்டுக்கானது. 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் போர்டும் போகும், திரையும் போகும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். பிக்சர் ட்யூபில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும், தெரிந்தவர் இல்லாமல் அங்கே கை வைக்காதீர்கள்.

விலையைப் பொறுத்தவரை, விற்பவர்கள் கேட்கும் தொகையை ஆதாரமாக எடுக்காமல், ஏலங்களில் உண்மையில் விற்று முடிந்த தொகைகளைப் பாருங்கள். ஓடாத பெட்டி, மாற்றிய பெட்டி, அசல் பெட்டி மூன்றையும் தனித்தனியாக ஒப்பிட வேண்டும். ட்யூபைக் கழற்றி எல்சிடி போட நேர்ந்தால் பழையதை வீசிவிடாதீர்கள். கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும், சிப் முதல் திருகு வரை, பெயர் எழுதி ஒரு அட்டைப்பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வாங்குபவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.