பீட்ரூட்: ஆடியில் பார்த்த வெயில் மார்கழியில் இருக்காது

மாடித்தோட்டம் போடுகிறவர்கள் கார்த்திகை கடைசியில் கேட்கும் கேள்வி வருஷா வருஷம் ஒன்றுதான்: "இலை தளதளன்னு இருக்கு, கீழே கிழங்கையே காணோமே?" புதிதில் நானும் இடறிய இடம் என்பதால், போய்ப் பார்க்கும் முன்பே காரணம் பெரும்பாலும் தெரிந்துவிடும். தண்ணீர் தேங்குவது, செடி வளர்க்கும் பை சின்னதாக இருப்பது எல்லாம் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். இங்கே வெயிலை மட்டும் பேசுகிறேன். சென்னை, திருச்சி, மதுரை மாதிரிச் சமவெளி ஊர்களுக்கான கணக்கு இது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பருவமே வேறு.

ஆடியில் இடம் பார்த்து ஐப்பசியில் விதைப்பது

இந்த ஒன்றைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பொறுக்காது. ஆடிப்பட்டத்துக்குப் பை அடுக்கும்போது மொட்டை மாடியின் தெற்குக் கைப்பிடிச் சுவரோரம் நல்ல வெயில் இருக்கும். அப்போது நடுப்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே, கொஞ்சம் வடக்கே சாய்ந்து நிற்கிறது. சுவரின் நிழல் தெருப்பக்கம் போய்விடும். அங்கே கத்தரியும் வெண்டையும் நன்றாகக் காய்த்த தைரியத்தில், அதே இடத்தில் ஐப்பசியில் பீட்ரூட் விதையை ஊன்றுகிறார்கள்.

அதற்குள் சூரியன் தெற்கே நகர்ந்துவிடுகிறது. டிசம்பர் 21 வாக்கில் சென்னையில் உச்சிவேளைக்கே அது 53 டிகிரி உயரத்துக்குத்தான் ஏறும். தெற்கே நிற்கிற எந்தச் சுவரும் தன் உயரத்தில் முக்கால் பங்கு நிழலை வடக்கே தள்ளும். 3 அடிக் கைப்பிடிச் சுவருக்குத் தரையில் 2 அடிக்கு மேல் நிழல்; சுவரை ஒட்டி வைத்த பை அதற்குள்தான் நிற்கும். 10 அடி உயர மாடிப்படி அறை என்றால் நடுப்பகலில் 7 அடி, காலை 9 மணிக்கு 16 அடி. தெற்கு வீட்டுக்காரர் இன்னொரு மாடி எழுப்பியிருந்தால் கேட்கவே வேண்டாம். போதாததற்கு வடகிழக்குப் பருவமழை மேகமும் அதே மாதங்களில்தான்.

பீட்ரூட் கிழங்கு பிடிக்க ஒரு நாளைக்கு 6 மணி நேர நேரடி வெயிலாவது வேண்டும். மூன்று, நான்கு மணி நேரம் கிடைத்தால் செடி செத்துப்போகாது, அதனால்தான் ஏமாந்துபோகிறோம். காம்பு நீண்டு, இலை அகன்று, பார்க்கச் செழிப்பாகவே தெரியும். இலை தன் செலவு போக மிச்சம் பிடித்து வேருக்கு அனுப்புகிற சர்க்கரைதான் கிழங்கு. வெயில் குறைந்தால் மிச்சம் ஏது?

இதற்கு மேல் நடப்பதுதான் கொடுமை. சத்து போதவில்லை என்று நினைத்து மீன் அமிலமும் கடலைப் புண்ணாக்குக் கரைசலும் மாற்றி மாற்றி ஊற்றுவார்கள். தழைச்சத்து ஏற ஏற இலைதான் பெருக்கும். தாம்பரம் பக்கத்தில் ஒரு அக்கா இப்படி ஊற்றிக்கொண்டிருந்தார். "உரத்தை நிறுத்துங்கக்கா, பையை வடக்கு ஓரத்துக்கு நகர்த்துங்க" என்றேன். மனசே இல்லாமல் நாலைந்து பையை மட்டும் நகர்த்தினார். பொங்கல் கழித்துப் பிடுங்கியபோது அவற்றில் எலுமிச்சை அளவில் கிழங்கு இருந்தது. நகராத பைகளில் சுண்டுவிரல் பருமனில் வெறும் வேர்.

மாசிக்கு மேல் வெயில் கிடைக்குமே என்றால், சூடும் கூடவே வரும். அப்போது விளைகிற கிழங்கை வெட்டினால் உள்ளே வெள்ளை வளையம் தெரியும். சமவெளியில் பீட்ரூட்டுக்கு ஆண்டுக்கு ஒரு பருவம்தான். அதைத் தவறவிட்டால் அடுத்த ஐப்பசி வரை காத்திருக்க வேண்டும்.

ஆடிக்கு முன்பே மார்கழி நிழலைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஆனிப் பௌர்ணமியன்று ராத்திரி மாடிக்குப் போங்கள். அன்றைய நிலா மூல நட்சத்திரத்தை ஒட்டி, தனுசு ராசிப் பக்கம் இருக்கும். மார்கழிச் சூரியன் நிற்பதும் அதே தனுசுவில். அதனால் அன்று நள்ளிரவில் நிலா போடுகிற நிழல், மார்கழி நடுப்பகலில் சூரியன் போடப்போகும் நிழலுக்குக் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும். கொஞ்சம் முன்பின் ஆகும், இடம் தேர்வதற்கு அது போதும். சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, கோட்டுக்கு வடக்கே பையை வையுங்கள்.

நிழல்வலையைக் கழற்றாமல் விடுவது

சித்திரை வெயிலுக்குக் கட்டிய 50 சதவீதப் பச்சை வலை கார்த்திகையிலும் தலைக்கு மேலே தொங்கும். பாதி வெளிச்சம் அங்கேயே போச்சு. கழற்றுங்கள்.

அவரைப் பந்தலுக்கு அடியில் வைப்பது

இடம் மிச்சம் என்று பந்தலுக்கும் முருங்கைக்கும் கீழே வைக்கிறார்கள். சுவர் நிழலைவிட இலை நிழல் மோசம். மேலே உள்ள இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு தொலைசிவப்பு ஒளியை (சிவப்பைத் தாண்டிய, நம் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத ஒளி) கீழே விடுகிறது. பக்கத்துச் செடி தன்னை மறைக்கிறது என்பதைக் கீழே உள்ள செடி இதை வைத்துத்தான் உணர்கிறது. உடனே கிழங்கை விட்டுவிட்டுக் காம்பை நீட்டத் தொடங்கும்.

செடி கலைக்க மனம் வராதது

நாம் ஊன்றும் பீட்ரூட் விதை பெரும்பாலும் பல விதைகள் ஒட்டிய கொத்து. ஒரு குழியில் மூன்று, நான்கு முளைக்கும். பாவம் பார்த்து எல்லாவற்றையும் விட்டுவைத்தால் ஒன்றுக்கொன்று நிழலாகி ஒன்றுமே தேறாது. நான்கு இலை வந்ததும் வலுவான ஒன்றை விட்டு மற்றதைக் கத்தரிக்கோலால் நறுக்குங்கள். பிடுங்கினால் பக்கத்து வேர் அசையும். செடிக்குச் செடி 4 அங்குலம் இருக்கட்டும். நறுக்கியது பொரியலுக்கு ஆகும்.

கீரைக்காக இலையை மொட்டையடிப்பது

ஒரு செடியில் ஒன்றிரண்டு வெளி இலை, அதற்கு மேல் கூடாது.

ஜன்னலோரம்

இலைக்காக மட்டும் வளர்க்கலாம். கிழங்கு பிடிக்காது.