குழந்தைக்கு முதல் வேர்க்கடலை: எப்படி ஆரம்பிப்பது?

"மூணு வயசு வரைக்கும் கடலையைக் கண்ணுலயே காட்டாதே" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். ஒரு காலத்தில் டாக்டர்களும் அதைத்தான் சொன்னார்கள். 2015-இல் வெளியான லண்டன் 'லீப்' ஆய்வு அதைப் புரட்டிப்போட்டது. கடும் எக்ஸிமாவோ (தோல் வறண்டு சிவந்து அரிக்கும் கரப்பான்) முட்டை அலர்ஜியோ இருந்த 640 கைக்குழந்தைகளில், 11 மாதத்துக்குள் தொடங்கி விடாமல் கடலை சாப்பிட்டவர்களுக்கு ஐந்து வயதில் கடலை அலர்ஜி சுமார் 80 சதவீதம் குறைவாக இருந்தது.

முதலில்: உங்கள் குழந்தைக்கும் எக்ஸிமா அதிகமாகவோ முட்டை அலர்ஜியோ இருந்தால், டாக்டரைக் கேட்காமல் வீட்டில் ஆரம்பிக்க வேண்டாம். மற்றவர்கள் ஆறு மாதம் ஆகி, கூழ், பருப்புச் சாதம் எல்லாம் பழகியபின் தொடங்கலாம்.

சத்துமாவில் தொடங்காதீர்கள். பாதாம், முந்திரி, பிஸ்தா, கடலை எல்லாம் ஒன்றாக அரைத்த மாவு அது. உடம்பு தடித்தால் எதனால் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தபின் தாராளமாகக் கொடுங்கள்.

தயாரிப்பு: கடலையை வறுத்துத் தோல் நீக்கி, மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்டுங்கள். ஒரேயடியாக ஓட்டினால் எண்ணெய் விட்டுக் கட்டியாகிவிடும். சலித்து, திப்பியைத் தள்ளிவிடுங்கள். இரண்டரை டீஸ்பூன் பொடியைக் கேழ்வரகுக் கூழில் கலந்தால் போதும். கரண்டியிலிருந்து வழிந்து விழும் பதம் வேண்டும். முழு வேர்க்கடலையோ வேர்க்கடலைத் துண்டுகளோ ஐந்து வயது வரை வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

கொடுக்கும் நாள்: சளி, காய்ச்சல் இல்லாத நாளில், காலையில் கொடுங்கள். ராத்திரி தூங்கப்போகும் நேரத்தில் கொடுத்தால் யார் கவனிப்பது? கரண்டி நுனியளவு கொடுத்துப் பத்து நிமிடம் பாருங்கள். ஒன்றுமில்லையென்றால் மீதியை மெதுவாக ஊட்டி, இரண்டு மணி நேரம் கூடவே இருங்கள்.

உடம்பில் தடிப்பு, முகவீக்கம், வாந்தி வந்தால் உடனே நிறுத்தி டாக்டரிடம் காட்டுங்கள். அடுத்தடுத்து இருமல், மூச்சிரைப்பு, திடீர்த் துவளல் என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். அப்போது தேவைப்படுவது அட்ரினலின் ஊசி. வீட்டிலிருக்கும் அலர்ஜி சிரப்பை ஊற்றிக் காத்திருக்காதீர்கள்.

ஒத்துக்கொண்டதா? பலர் அதோடு மறந்துவிடுகிறார்கள். ஆய்வில் பலன் கிடைத்தது தொடர்ந்து சாப்பிட்டவர்களுக்குத்தான். இதே அளவை வாரத்துக்கு மூன்று முறை கொடுங்கள்.

சில நாள் விட்டு, இதே முறையில் பாதாம், பிறகு முந்திரி. முந்திரி ஒத்துக்கொள்ளாத குழந்தைக்குப் பிஸ்தாவும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாது. டாக்டர் சொல்லாமல் அதைக் கொடுத்துப் பார்க்காதீர்கள்.