சன்ஷேடில் மலைத்தேனீ கூடு கட்டினால்

மழை ஓய்ந்து மரங்கள் பூக்கத் தொடங்கினால், பெங்களூர் அடுக்குமாடிகளின் சன்ஷேடிலும் தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலும் மலைத்தேனீ வந்து தொங்கும். இங்கே அதற்கு ஹெஜ்ஜேனு என்று பெயர். செக்யூரிட்டியிடம் அப்படிச் சொன்னால் சட்டென்று புரியும். ஒரே அடைதான், மூன்றடி அகலம்கூடப் போகும். சில மாதம் இருந்துவிட்டுத் தானாகவே கிளம்பிவிடும். அதுவரை பொறுப்பதுதான் நம் வேலை.

பெரிய தொல்லை இரவு விளக்கு. வெளிச்சத்தை நோக்கி வந்து சுற்றிச் சுற்றி விழும். கூட்டுப் பக்கத்து பால்கனி விளக்கை அணையுங்கள், திரையை இழுத்து மூடுங்கள். காலையில் செருப்பில்லாமல் அங்கே போகாதீர்கள்; தரையில் கிடக்கும் ஈயும் கொட்டும். புகை, பட்டாசு, பந்து எதுவும் கூட்டின் பக்கம் வேண்டாம். ஒன்று கொட்டினால் அந்த வாசனை மற்றவற்றைக் கூப்பிடும். கையை வீசாமல் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்துங்கள். கொடுக்கை நகத்தால் உடனே சுரண்டி எடுத்து, சோப்பு போட்டுக் கழுவுங்கள். மூச்சு முட்டினாலோ முகம் வீங்கினாலோ நேராக மருத்துவமனைதான்.

பூச்சி மருந்து அடிக்க ஆள் கூப்பிட அசோசியேஷன் அவசரப்படும். பகலில் அடித்தால் வெளியே மேயப் போன ஈக்கள் திரும்பி வந்து அந்த இடத்தையே மொய்க்கும். விஷம் ஏறிய தேனை எடுக்க வரும் மற்ற தேனீக்களும் சாகும்.

ஈ போன பிறகு அடையைச் சுரண்டி, மெழுகு வாசனை போகும்வரை சோப்புத் தண்ணீரால் தேயுங்கள். விட்டால் அடுத்த வருஷமும் அதே இடம்தான். அங்கே இனி வேண்டாம் என்றால் கொசுவலைக் கம்பி அடியுங்கள். புறா வலைக்குக் கண் பெரிது, தேனீ புகுந்துவிடும்.

தேனீ மேய்வதற்குப் பூந்தொட்டியில் துளசி, திருநீற்றுப்பச்சிலை வையுங்கள். துளசிக் கதிரைக் கிள்ளி எறியும் பழக்கத்தைப் பாதிச் செடிகளிலாவது விடுங்கள். அடுக்கு ரோஜா கண்ணுக்குத்தான் அழகு, தேனீக்கு அதில் அதிகம் கிடைக்காது. தேனீ குடிக்க வைக்கும் தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட மறந்தால் தேனீ மூழ்கிச் சாகும். வேப்பெண்ணெய் தெளிப்பதானால் பொழுது சாய்ந்த பிறகு, பூவில் படாமல்.

தேன் வாங்கும்போது, 'துடுவெ' (பெட்டியில் வளர்க்கும் நாட்டுத் தேனீ) பெட்டித் தேனா, எந்திரத்தில் சுற்றி எடுத்ததா என்று கேளுங்கள். சுற்றி எடுத்தால் அடை முழுதாகத் திரும்பிப் பெட்டிக்குள் போகும். தெருவோரத்தில் பிழிந்து விற்பதில் பெரும்பாலும் புழுவும் சேர்ந்தே நசுங்கியிருக்கும். நல்ல தேனும் உறையும். அதைக் கலப்படம் என்று திருப்பிக் கொடுத்தால் நஷ்டம் பெட்டி வைத்திருப்பவருக்குத்தான். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் இளகிவிடும்.