டர்ஹம் கவுண்டியின் ரயில் ஊர்களை ஆராயும் முறை

இங்கிலாந்தின் வடகிழக்கே உள்ள டர்ஹம் கவுண்டியில் ஓர் ஊரின் வரலாற்றை எழுத விரும்புபவர், ஆவணக் காப்பகத்துக்குப் போவதற்கு முன் அந்த ஊரின் பழைய ரயில்பாதையோரம் ஒருமுறை நடந்துவிட வேண்டும். 1825 செப்டம்பர் 27 அன்று திறக்கப்பட்ட ஸ்டாக்டன் – டார்லிங்டன் பாதை, சுரங்க நிலக்கரியை டீஸ் ஆற்றங்கரைக்குக் கொண்டுசெல்லப் போடப்பட்டது. ஷில்டன் போன்ற சிற்றூர்கள் அதை ஒட்டியே நகரங்களாக வளர்ந்தன.

நடக்கும்போது முதலில் தரையைப் பாருங்கள். ஷில்டனுக்கு மேற்கே, நிலையான நீராவி எந்திரம் வடம் கட்டி வண்டிகளை இழுத்த புரூசல்டன் சரிவில், சதுரக் கற்கள் வரிசையாக மண்ணில் பதிந்திருப்பதை இன்றும் காணலாம். ஒரு கல்லருகே குனிந்து புல்லை விலக்கினால் மேற்பரப்பில் துளைகள் தெரியும். தண்டவாளத்தைத் தாங்கிய இரும்புத் தாங்கியை இறுக்குவதற்காகக் குடைந்தவை அவை. அக்காலப் பாதையில் இரு தண்டவாளங்களையும் இணைக்கும் குறுக்குக் கட்டை கிடையாது. குதிரை வண்டியை இழுத்த இடங்களில் அதன் கால் தடுக்காமலிருக்க இது உதவியது. அடுத்து, பாதையோர வீடுகளின் சுவரை அண்ணாந்து பாருங்கள். ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்த சிறு பீங்கான் தகடு இருந்தால், அந்த வீடு ஒரு காலத்தில் ரயில் கம்பெனியின் சொத்து என்று கொள்ளலாம்.

கட்டடத்தின் வயதையும் பாதையின் வயதையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். புதிதாக எழுதுபவர்கள் இடறும் இடம் இது. கட்டடக் கலைஞர் இக்னேஷியஸ் பொனோமி வடிவமைத்த, டார்லிங்டனில் ஸ்கெர்ன் ஆற்றைக் கடக்கும் ஸ்கெர்ன் பாலம் 1825-ஐச் சேர்ந்தது, இன்றும் அதன்மேல் ரயில் ஓடுகிறது. ஆனால் அதற்கு மிக அருகிலுள்ள டார்லிங்டன் நார்த் ரோடு நிலையம் 1842-இல்தான் வந்தது. நிலக்கரிக்கே முதலிடம் தந்த அந்தப் பாதையில் 1833 வரை பயணிகள் பெட்டிகளைக் குதிரைகளே இழுத்தன என்பதை நினைத்தால், இந்த 17 ஆண்டு இடைவெளி வியப்பளிக்காது. நகரின் இப்போதைய பிரதான நிலையமான பேங்க் டாப் 1887-ஆம் ஆண்டுக் கட்டடம்.

இதற்குப் பிறகு ஆவணங்களைத் தேடலாம். ஒரு நிலையத்தை அதன் பெயரை மட்டும் கொண்டு தேடினால் பாதிதான் கிடைக்கும். அந்தந்த ஆண்டில் அது யாருக்குச் சொந்தமாக இருந்தது என்பதையும் சேர்த்துத் தேட வேண்டும். ஸ்டாக்டன் – டார்லிங்டன் பாதையைப் போட்ட மூல கம்பெனி 1863-இல் நார்த் ஈஸ்டர்ன் ரயில்வேயுடன் இணைந்தது; அது 1923-இல் லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன் ரயில்வேக்குள் சேர்ந்தது; 1948-இல் எல்லாம் அரசுடைமையாயின. கம்பெனிகளின் ஏடுகள் பெருமளவில் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

கவுண்டி எல்லை மாறியதையும் மறக்கக் கூடாது. பழைய டர்ஹமின் ஊரான ஸ்டாக்டன் 1968-இல் டீசைடு நிர்வாகத்துக்கும் 1974-இல் கிளீவ்லாந்து கவுண்டிக்கும் போனது. ஆகவே அதன் தாள்களை டர்ஹம் நகரில் மட்டுமன்றி, டீசைடு ஆவணக் காப்பகம் உள்ள மிடில்ஸ்பரோவிலும் கேட்டுப் பார்க்க வேண்டும். டார்லிங்டன் 1997 முதல் தனி நிர்வாகம்.

கடைசியாக, 1851-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உங்கள் தெருவை எடுத்து, தொழில், பிறந்த ஊர் ஆகிய இரண்டு பத்திகளையும் வீடு வீடாகப் படியுங்கள். கொல்லரும் எந்திரம் பொருத்துபவரும் எந்த ஊரில் பிறந்து அந்தத் தெருவுக்குக் குடிவந்தார்கள் என்பதை அங்கே பெயரோடு காண்பீர்கள்.