வீட்டுத் தோட்டத்துக்கு எந்த ஸ்ட்ராபெர்ரி ரகம்?

ஸ்ட்ராபெர்ரி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் தொட்டியின் அளவு, மண் கலவை, உரம் ஆகியவற்றைப் பற்றித்தான் முதலில் விசாரிக்கிறார்கள். எந்த ரகம் என்ற கேள்வி, நர்சரியில் எது இருக்கிறதோ அது என்பதோடு முடிந்துவிடுகிறது. கத்தரியிலும் வெண்டையிலும் இந்த அலட்சியம் பெரிதாகப் பாதிக்காது. எந்த ரகமானாலும் நம் வெயிலில் ஏதோ கொஞ்சம் காய்த்துவிடும். குளிர்நாட்டுச் செடியான ஸ்ட்ராபெர்ரி அப்படிப்பட்டதன்று. ஊருக்குப் பொருந்தாத ரகத்தை நட்டுவிட்டால், நீரும் உரமும் எவ்வளவு ஊற்றினாலும் இலை மட்டுமே மிஞ்சும்.

இதை நான் என் வீட்டு மாடியிலேயே பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஒரே தட்டில் வாங்கிய, சான் ஆண்ட்ரியாஸ் என்ற ரகத்தின் 12 நாற்றுகளில் ஆறைக் கோயம்புத்தூரில் நான் வைத்துக்கொண்டு, ஆறைக் குன்னூரில் இருக்கும் அக்காவுக்குக் கொடுத்தேன். இரண்டு இடங்களிலும் மார்கழியில் பூத்தன. தை மாதம் வரை எனக்கும் பழம் கிடைத்தது. மாசிக் கடைசியில் என் செடிகளில் வந்த பூக்களின் நடுமேடு கறுத்து உதிர்ந்தது, இலை ஓரங்கள் முறுகின, சித்திரை முடிவதற்குள் நான்கு செடிகள் போய்விட்டன. அக்காவின் கொல்லையிலோ மழை பிடிக்கும் வரை பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள். 'வருடம் முழுவதும் காய்க்கும்' என்று நர்சரியில் சொன்ன சொல் குன்னூருக்கு ஓரளவு பொருந்தியது, கோயம்புத்தூருக்குப் பொருந்தவில்லை.

அந்தச் சொல் எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் ரகத் தேர்வு பாதி முடிந்துவிடும். மேலைநாட்டுத் தோட்டக் கையேடுகள் ஸ்ட்ராபெர்ரியைப் பகல் நேரத்தின் நீளத்தை வைத்துப் பிரிக்கின்றன. பகல் சுமார் 14 மணி நேரத்துக்குக் குறையும்போது மொட்டுக் கட்டும் ரகங்கள் குறும்பகல் ரகங்கள். அவை அந்நாடுகளில் இலையுதிர்காலத்தில் உள்ளுக்குள் மொட்டுக் கட்டி, குளிர்காலத்தில் உறங்கி, ஜூன் மாதத்தை ஒட்டி ஒரே மூச்சில் காய்த்து ஓய்கின்றன. பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாமல் விட்டுவிட்டுப் பூப்பவை பகல் நடுநிலை ரகங்கள். லண்டனில் ஜூன் மாதப் பகல் பதினாறரை மணி நேரத்தைத் தாண்டுவதால் அங்கே இந்தப் பிரிவினைக்குப் பொருள் உண்டு. சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தை எட்டுவதில்லை. அதாவது, நம் ஊரில் எல்லா மாதமும் குறும்பகல் மாதம்தான். செடி மொட்டுக் கட்டுவதைத் தடுப்பது பகலின் நீளம் அன்று, வெப்பம். குளுமையான இரவு கிடைக்கும் வரை குறும்பகல் ரகமும் நம்மிடம் மாதக்கணக்கில் பூக்கும். 30 டிகிரி செல்சியஸைத் தாண்டிய பகல்கள் தொடர்ந்தால் நடுநிலை ரகமும் பூப்பதை நிறுத்திவிடும். ஆகவே பொட்டலத்தில் எழுதியிருக்கும் பிரிவைப் பார்ப்பதற்கு முன்னால், உங்கள் ஊரில் இரவு எத்தனை மாதம் குளிர்ந்திருக்கிறது என்று கணக்கிடுங்கள்.

சமவெளியில் அந்தக் கணக்கு மூன்று மாதத்தைத் தாண்டாது. சென்னை, மதுரை, திருச்சி, கோயம்புத்தூர் எல்லாவற்றுக்கும் கார்த்திகைக் கடைசி முதல் மாசி வரைதான் ஸ்ட்ராபெர்ரிப் பருவம். இங்கே தேவைப்படுவது விரைவாகக் காய்த்து விரைவாக முடிக்கும் ரகம். அதற்கு மிதமான குளிர்காலத்துக்கென்று அமெரிக்காவின் புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்ட குறும்பகல் ரகங்களே பொருத்தமானவை. 1992-இல் வெளிவந்த ஸ்வீட் சார்லி அவற்றில் நான் முதலில் சிபாரிசு செய்வது. பழம் மென்மையானது, புளிப்புக் குறைவு, முதல் பழம் சீக்கிரம் வந்துவிடும். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நன்றாகப் பழுத்த பிறகும் இது ஆரஞ்சு கலந்த சிவப்பாகவே இருக்கும். கடையில் பார்த்த கருஞ்சிவப்பு வரட்டும் என்று காத்திருந்தால் பழம் செடியிலேயே குழைந்துவிடும். காம்பை ஒட்டிய வெள்ளை வளையம் மறைந்ததும் பறித்துவிடலாம். விண்டர் டான் இதைவிடப் பெரிய பழமும் கூடுதல் விளைச்சலும் தரும், சுவையில் ஒரு படி கீழே என்பது என் கருத்து. எண்ணிக்கை வேண்டுவோர் விண்டர் டானையும், குழந்தைகள் செடியிலிருந்து பறித்து உண்ண வேண்டும் என்று விரும்புவோர் ஸ்வீட் சார்லியையும் எடுத்துக்கொள்ளலாம்.

சமவெளியில் இருப்பவர்கள் இந்தச் செடியை ஒரு பருவப் பயிராகவே கருதிவிடுவது மனவருத்தத்தைக் குறைக்கும். மகாராஷ்டிரத்தின் மகாபலேஷ்வரம் 2010-இல் தன் ஸ்ட்ராபெர்ரிக்குப் புவிசார் குறியீடு பெற்ற மலையூர். விண்டர் டான், ஸ்வீட் சார்லி, காமரோசா, நபிலா ஆகியவை அங்கே புழங்கும் ரகங்கள். அத்தகைய குளிர்ந்த ஊரிலேயே பெரும்பாலான விவசாயிகள் ஒவ்வொரு பருவத்துக்கும் புதிய நாற்று நடுகிறார்கள். நாம் கோடையில் நிழல்வலை கட்டிச் செடியைக் காப்பாற்றினாலும், அடுத்த ஆண்டு அது தருவது சிறுத்த பழம்தான்.

மலைப்பகுதிக்கு வந்தால் தேர்வு விரிகிறது. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் போன்ற இடங்களில் குறும்பகல் ரகமும் நடுநிலை ரகமும் கலந்து நடுவதே சிறந்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 1983-இல் வெளியிட்ட சாண்ட்லர், மணமும் சாறும் நிறைந்தது. நடுவரை சிவந்திருப்பதால் ஜாம் காய்ச்ச இதைவிட நல்லதை நான் கண்டதில்லை. மென்மையான பழம் என்பதால் கூடையில் அடுக்கி ஊருக்கு அனுப்ப உதவாது, ஆனால் வீட்டுத் தோட்டத்துக்கு அது ஒரு குறையே இல்லை. காமரோசா கெட்டியான பெரிய பழம் தரும். பழம் முழுக்கச் சிவந்த அன்றே பறித்தால் சப்பென்று இருக்கும், இரண்டு மூன்று நாள் விட்டுக் கருஞ்சிவப்பானதும் பறித்தால் இனிக்கும். பறவைத் தொல்லை உள்ள வீடுகளில் அந்த இரண்டு மூன்று நாள் பெரிய சோதனை என்பதால், வலை போட முடியாதவர்கள் காமரோசாவைத் தவிர்க்கலாம்.

நடுநிலை ரகங்களில் அல்பியனுக்கே என் முதலிடம். நீண்ட கூம்பு வடிவப் பழம், நல்ல இனிப்பு, வேரையும் அடித்தண்டையும் தாக்கும் சில முக்கியமான மண்வழிப் பூஞ்சை நோய்களுக்குத் தாக்குப்பிடிக்கும் தன்மை என்று மூன்றும் ஒன்றாக அமைந்த ரகம் இது. முன்பு உருளைக்கிழங்கோ தக்காளியோ நட்டிருந்த மண்ணில் ஸ்ட்ராபெர்ரி நட வேண்டியிருந்தால் இந்தக் கடைசிக் குணம் மிகவும் உதவும், ஏனெனில் வாடல் நோயைத் தரும் பூஞ்சை அப்பயிர்களிலும் வாழ்ந்து மண்ணில் தங்கியிருக்கும். சான் ஆண்ட்ரியாஸ் ஓடுதண்டுகளை, அதாவது தரையில் படர்ந்து வேர்விட்டுப் புதுச் செடியாகும் தண்டுகளை, குறைவாகவே விடுவதால் தொட்டிக்கும் தொங்கும் கூடைக்கும் ஏற்றது. மான்டரே மிகவும் இனிப்பான ரகம், ஆனால் சாம்பல் நோய்க்கு எளிதில் இடங்கொடுக்கும். மூடுபனியும் நிழலும் சூழ்ந்த வீடுகளில் அதை நடுவதற்கு முன் யோசிக்க வேண்டும்.

ஏற்காடும் ஓசூரும் சமவெளிக்கும் இந்த மலையூர்களுக்கும் நடுவே நிற்கின்றன. அங்கே ஸ்வீட் சார்லியை முதன்மையாக வைத்து, காலை வெயில் மட்டும் படும் ஒரு மூலையில் நாலைந்து அல்பியன் செடிகளை வைத்துப் பார்க்கலாம்.

பெரிய பழமே வேண்டும் என்ற எண்ணம் இல்லாதவர்களுக்கு ஆல்பைன் ஸ்ட்ராபெர்ரி என்ற இன்னொரு வழி இருக்கிறது. இது வேறு இனம். பழம் சுண்டுவிரல் நுனியளவுதான், ஆனால் நான்கு பழத்தை ஒரு கிண்ணத்தில் வைத்தால் அறை முழுவதும் மணக்கும். ஓடுதண்டு பெரும்பாலும் விடாது, விதையிலிருந்து தாய்ச்செடியைப் போலவே வரும், மலையூர்களில் பாத்தி ஓரமாக வரிசை கட்டி நடலாம். நீலகிரியின் பெயரையே தாவரவியல் பெயரில் தாங்கிய காட்டு ஸ்ட்ராபெர்ரியும் ஒன்று உண்டு. அதன் பழம் வெளிறிய வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும். காட்டிலிருந்து அதைப் பெயர்த்துக்கொண்டு வருவது தவறு, கண்டால் பார்த்துவிட்டு வருவதே முறை. மலைப்பாதை ஓரங்களில் மஞ்சள் பூவும் மேல்நோக்கி நிற்கும் உருண்டைச் செம்பழமுமாகப் படரும் செடியை ஸ்ட்ராபெர்ரி என்று நம்பிச் சிலர் தொட்டியில் வைக்கிறார்கள். அது போலி ஸ்ட்ராபெர்ரி. பழத்தில் சுவையே இருக்காது. தோட்ட ஸ்ட்ராபெர்ரி வெள்ளையாகப் பூக்கும், மிகச் சில அலங்கார ரகங்களில் மட்டும் இளஞ்சிவப்பாகப் பூக்கும், மஞ்சளாகப் பூப்பதில்லை.

இணையத்தில் விற்கும் விதைப் பொட்டலங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எச்சரிக்க வேண்டியிருக்கிறது. நாம் உண்ணும் தோட்ட ஸ்ட்ராபெர்ரி ஒரு கலப்பினம். பிரெஞ்சுப் பொறியாளர் ஃப்ரெசியே 1714-இல் சிலியிலிருந்து கொண்டுவந்த பெரும்பழச் செடிகள் பெண்செடிகளாக இருந்ததால் தனியே காய்க்கவில்லை. வட அமெரிக்க இனத்தின் அருகில் நட்டபோது காய்த்தன. அந்த இரண்டும் கலந்து பிறந்ததே இன்றைய செடி என்பதை 1766-இல் தூஷேன் என்ற இளைஞர் எடுத்துக் காட்டினார். எட்டு மடங்கு குரோமோசோம் தொகுதிகளைச் சுமக்கும் இக்கலப்பினத்தின் விதையை முளைக்க வைத்தால், ஒவ்வொரு நாற்றும் ஒவ்வொரு விதமாக இருக்கும். அதனால் சாண்ட்லர் விதை, காமரோசா விதை என்று யாரேனும் விற்றால் அதிலிருந்து சாண்ட்லரோ காமரோசாவோ கிடைக்காது. நீல ஸ்ட்ராபெர்ரி என்ற ரகமே உலகில் இல்லை. நான் ஒரு முறை வாங்கிய பொட்டலத்திலிருந்து ஐந்து வாரம் பொத்திப் பொத்தி வளர்த்தது குப்பைமேனியை ஒத்த ஒரு களையாக முடிந்தது. விதையிலிருந்தே வளர்ப்பதற்கென்று உருவாக்கிய கலப்பின ரகங்கள் ஐரோப்பாவில் இருக்கின்றன என்பது உண்மைதான். இருந்தாலும் ரகத்தின் பெயரை நம்பி நட வேண்டுமென்றால் ஓடுதண்டு நாற்றோ திசு வளர்ப்பு நாற்றோ வாங்குவதே சரி.

நர்சரியில் 'ஊட்டி ஸ்ட்ராபெர்ரி' என்று மட்டும் சொன்னால், அது எந்த ரகத்தையும் குறிக்காது. தாய்ச்செடி எங்கிருந்து வந்தது, எந்த மாதம் முதல் பழம் வந்தது, எவ்வளவு ஓடுதண்டு விடுகிறது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வாங்குங்கள். பிறகு நாற்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். இலைக்காம்புகள் வந்து கூடும் குட்டையான அடித்தண்டு பென்சில் பருமனுக்குக் குறையாமல் கெட்டியாக இருக்க வேண்டும். வேர் வெளிர்நிறமாக இருந்தால் நல்லது, கறுத்து நூலாகத் தொங்கினால் வேண்டாம். இலையைத் திருப்பி அடிப்புறத்தை வெயிலில் பிடித்தால், செஞ்சிலந்தி இருக்கும் இடத்தில் மெல்லிய தூசுபோல் அசைவதும் மேற்புறத்தில் ஊசிமுனை வெளிர்ப்புள்ளிகளும் தெரியும். அக்கம்பக்கத்தில் பல ஆண்டுகளாக இருக்கும் செடியின் ஓடுதண்டு இலவசமாகக் கிடைத்தாலும், வைரஸ் நோய்கள் தாயிலிருந்து சேய்க்கு அப்படியே வருமென்பதால் நான் வாங்குவதில்லை.

உங்கள் தண்ணீரும் தேர்வைக் கட்டுப்படுத்தும். உப்பை மிகக் குறைவாகவே தாங்கும் பயிர்களில் ஸ்ட்ராபெர்ரியும் ஒன்று. உவர் நீர் வரும் ஆழ்துளைக் கிணற்றை மட்டும் நம்பியிருக்கும் சென்னை வீடுகளில் எந்த ரகமும் இலை ஓரம் கருகாமல் நிற்காது. மழைநீர் சேமிப்பு இருந்தால் மட்டும் அங்கே இறங்குங்கள். வடகிழக்குப் பருவமழை ஓயாத வாரங்களில் நட நேர்ந்தால் சாண்ட்லரை ஒதுக்கிவிட்டு ஸ்வீட் சார்லியை எடுங்கள். மழையில் தெறித்துப் பரவும் ஆந்த்ராக்னோஸ் பழ அழுகலை அது நன்றாகவே எதிர்க்கும், சாண்ட்லர் எளிதில் பலியாகும்.

காய்ப்பதற்காக இரண்டு ரகம் நட வேண்டிய கட்டாயம் இல்லை, ஒரே பூவின் மகரந்தமே போதும். ஆனால் பழத்தின் மேல் விதைபோல் தெரியும் ஒவ்வொரு புள்ளிக்கும் மகரந்தம் சேர வேண்டும். சேராத இடத்தில் புள்ளிகள் நெருக்கமாகச் சிறுத்து, சதை பருக்காமல் பழம் கோணிப்போகும். தேனீ வராத உயர்மாடியில் இதை ரகத்தின் குறை என்று எண்ணி மாற்றிவிடாமல், மென்மையான தூரிகையால் பூவின் நடுவைச் சுற்றித் தடவிப் பாருங்கள்.

முதல் ஆண்டில் இரண்டு ரகம், ரகத்துக்கு ஐந்து செடி போதும். ஒவ்வொரு தொட்டியிலும் பெயரையும் நட்ட நாளையும் அழியாத மையால் எழுதிச் செருகுங்கள். ஓடுதண்டுகள் ஒன்றோடொன்று பின்னிய பிறகு இலையைப் பார்த்து ரகம் பிரிக்க அனுபவசாலிகளாலும் முடிவதில்லை. நல்ல நர்சரிகளில் பெயர் தெரிந்த நாற்றுகள் ஐப்பசிக்குள் தீர்ந்துவிடுவதால், ஆவணியிலேயே சொல்லி வைப்பது நல்லது.