மழைக்காட்டு அருவிக்கு நடப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

மழைக்காட்டினுள் மறைந்திருக்கும் அருவியைத் தேடி நடப்பவர்கள் பாம்புக்கு அஞ்சும் அளவுக்குத் தண்ணீருக்கு அஞ்சுவதில்லை; உண்மையில் அதிகம் அஞ்ச வேண்டியது தண்ணீருக்குத்தான். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும், மலையின் மேற்பகுதியில் பெய்த மழை சில நிமிடங்களில் ஓடையைப் பெருவெள்ளமாக்கிவிடக்கூடும். ஆகவே குளிக்க இறங்குவதற்கு முன், நீர்விளிம்பில் உள்ள ஒரு பாறையை அடையாளமாக வைத்துக்கொண்டு, நீர்மட்டம் ஏறுகிறதா என்று அவ்வப்போது பார்த்து வாருங்கள். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் வழக்கத்தைவிட அதிகமாக மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ, பொருள்களை எடுக்கத் திரும்பாமல் உடனே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.

வரும்போது கடந்த ஓடை திரும்பும்போது பெருகியிருந்தால், காத்திருப்பதே சரி; மழை நின்றபின் சிறிய ஓடைகள் பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். அந்தக் காத்திருப்புக்காகவே பையில் தலைவிளக்கும் கூடுதல் உணவும் இருக்கட்டும், ஏனெனில் அடர்ந்த மரங்களின் கீழ் வெட்டவெளியைவிட முன்னதாகவே இருட்டிவிடும்.

அட்டைகளுக்கு, கால்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்வது ஓரளவு காக்கும். அதையும் மீறி ஒட்டிக்கொண்டால், உப்போ நெருப்போ வைக்காமல், நகத்தால் அதன் வாய்ப்பகுதியை மெல்லத் தள்ளி எடுத்துவிட்டுக் கடிபட்ட இடத்தைக் கழுவுங்கள்.